ட்ரிப் ஆகிறதென்று டைரக்ட் பண்ணாதீர்கள்

"கிரைண்டர் லேசா ஷாக் அடிக்குது, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு." தமிழ்நாட்டுச் சமையலறைகள் பலவற்றில் இது ஒரு வீட்டுக் குறிப்பாகவே புழங்குகிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் துணி சுற்றியிருப்பார்கள். ஹீட்டர் ஓடும்போது குழாயைத் திறந்தால் 'சுர்'ரென்கிறது என்பதால் முதலிலேயே வாளியில் பிடித்து வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும் புது மருமகளுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் சாவி எங்கே, சர்க்கரை எங்கே என்று சொல்வதோடு எதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதையும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆபத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டோம்.

லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்கு வரும் மின்சாரம் எப்போதும் 230 வோல்ட்தான். இன்று லேசாகத் தெரிந்ததற்குக் காரணம் கை உலர்ந்திருந்தது, தரை காய்ந்திருந்தது, காலில் ரப்பர் செருப்பு இருந்தது, அவ்வளவே. மாவு அள்ளிய ஈரக்கையோடு, கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு அதே கிரைண்டரைத் தொட்டால் அதே மின்சாரம் உயிரை எடுக்கும். இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கும் மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகள் சொல்கின்றன. மின்கம்பத்தில் ஏறியவர்கள், வயலில் அறுந்த கம்பியை மிதித்தவர்கள் என்று மட்டும் அதை நினைத்துவிட வேண்டாம். துணி காயப்போட்டவர்கள், மோட்டார் போட்டவர்கள், ஹீட்டர் ராடு போட்ட வாளியில் சூடு பார்க்க விரல் விட்டவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஒயரைக் காப்பது ஒன்று, ஆளைக் காப்பது வேறொன்று

"எங்க வீட்டுல எம்.சி.பி. போட்டிருக்கு, பயமில்லை" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி தவறான இடத்தில் வைத்த நம்பிக்கை. பழைய பியூஸ் கட்டையும் சரி, இன்றைய எம்.சி.பி.யும் சரி, ஒயரைக் காப்பதற்காக வந்தவை. ஒயர் தாங்கும் அளவைவிட அதிகக் கரண்ட் ஓடினால், அல்லது பேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டால், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் முன் அவை இணைப்பைத் துண்டிக்கும். ஆள்மேல் கரண்ட் பாய்வது அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். நனைந்த உடம்பின் மின்தடை சுமாராக 1,000 ஓம். 230 வோல்ட் பாய்ந்தால் உடம்பு வழியே ஓடுவது 230 மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். எம்.சி.பி.யின் பார்வையில் ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருப்பதும் ஒரு பல்பு எரிவதும் ஒன்றே. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6,000 மில்லி ஆம்பியருக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மனித உடம்போ 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த பொருளை விட முடியாமல் தசை இறுகிப்போகும். 30 மில்லி ஆம்பியரில் மூச்சு திணறும். 50, 100 என்று ஏறும்போது இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும்; சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆளைக் காக்கும் கருவியின் பெயர் ஆர்.சி.சி.பி. சில பெட்டிகளில் ஆர்.சி.டி. என்றோ ஈ.எல்.சி.பி. என்றோ சொல்வார்கள். மெயின் பெட்டியில் எம்.சி.பி.க்குப் பக்கத்தில் சற்று அகலமாக, முகப்பில் 'டெஸ்ட்' என்றோ 'டி' என்றோ எழுதிய சின்னப் பொத்தானோடு இருக்கும். பேஸ் வழியாக வீட்டுக்குள் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. நூலிழை குறைந்தாலும், அந்தக் குறைந்த பங்கு சுவர் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள், 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடிக்குள் முழு இணைப்பையும் துண்டித்துவிடும். ஷாக் அடிக்கும், அடித்த வேகத்தில் விட்டுவிடும், ஆள் பிழைத்துக்கொள்வார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முகப்பில் 30 மில்லி ஆம்பியர், அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் கருவிகளும் கடையில் உண்டு. அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றா. அடிக்கடி ட்ரிப் ஆகக் கூடாது என்பதற்காக 100 மில்லி ஆம்பியரைப் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு வேறுபாடு தெரியாது, பெட்டியில் ஒன்று இருக்கிறது என்ற தைரியம் மட்டும் இருக்கும். கருவியே இல்லாததைவிட இந்தப் பொய்யான தைரியம் கேடு.

இது இனி விருப்பம் சார்ந்த விஷயமும் கிடையாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் தன் விதிகளைத் திருத்தி, நுகர்வோர் தங்கள் கட்டடத்தில் இந்த உயிர்காப்புக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. விதி வந்துவிட்டது. ஆனால் வீடு வீடாக வந்து பார்ப்பவர் யாருமில்லை என்பதால், டைல்ஸுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் லட்சங்களைக் கொட்டும் வீடுகளில்கூட சில ஆயிரம் ரூபாய்க் கருவி விட்டுப்போகிறது. குடிசைக்கும் தகரக் கூரை வீட்டுக்கும் இது இன்னும் அவசியம். அங்கே சுவரும் ஈரம், தரையும் ஈரம், தகரம் என்றால் கூரையே கரண்ட் கடத்தும்.

அது ஏன் ட்ரிப் ஆகிறது?

ஆர்.சி.சி.பி. இருக்கும் வீடுகளிலும் பல இடங்களில் அது உயிரோடு இருப்பதில்லை. நடப்பது இதுதான். மழைக்காலத்தில் ஒருநாள் இரவு வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் வருகிறார்.

"அம்மா, இது சும்மா சும்மா ட்ரிப் ஆகும்மா. டைரக்ட் பண்ணி விட்டுடறேன், தொல்லை இருக்காது."

"சரிப்பா, பசங்களுக்குப் பரீட்சை. கரண்ட் வந்தாப் போதும்."

இரண்டு துண்டு ஒயர், பத்து நிமிட வேலை. கருவி பெட்டியிலேயே இருக்கும், கரண்ட் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். அந்த இரவு அந்தக் கருவி சொல்ல வந்த செய்தி என்னவோ, அது கேட்கப்படாமலேயே போய்விடுகிறது.

சும்மா ட்ரிப் ஆவது அபூர்வம். எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது எங்கோ ஒயரிங்கில் பிழை இருக்கிறது. கண்டுபிடிக்கும் முறை கடினமானதே அல்ல. முதலில் வீட்டிலுள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் பண்ணினால் மட்டும் போதாது, நியூட்ரல் வழியாகவும் கசிவு தெரியும். பிறகு எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. எல்லாமே நின்றுவிட்டால் சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் கீசரின் காயில், பழைய அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் மோட்டார், தண்ணீர் மோட்டார், மொட்டைமாடியில் மழை படும் லைட் பாயின்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மாட்டும். இவ்வளவையும் நீங்களே செய்யலாம். பெட்டியின் கதவைத் திறந்தால் போதும், எதையும் கழற்ற வேண்டியதில்லை.

சாதனங்களில் குற்றமில்லை, ஆனாலும் விழுகிறது என்றால் ஒயரிங் பிழை. ஓர் அறையின் பேஸை எடுத்து அடுத்த அறையின் நியூட்ரலில் முடித்திருப்பார்கள். நியூட்ரலையும் எர்த்தையும் ஏதோ ஒரு போர்டுக்குள் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். இன்வெர்ட்டர் பொருத்தியவர் மெயின் நியூட்ரலோடு இன்வெர்ட்டர் நியூட்ரலைக் கலந்திருப்பார். ஆர்.சி.சி.பி. இல்லாத காலத்தில் இப்படிச் செய்தாலும் விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. பிழை வெளியே தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதைத் திருத்த அரைநாளோ ஒருநாளோ ஆகும், கூலியும் ஆகும். அந்தக் கூலியைக் கொடுங்கள். "டைரக்ட் பண்ண வேண்டாம், கோளாறைக் கண்டுபிடியுங்க அண்ணே, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை" என்று நீங்கள் சொன்னால் நல்ல எலக்ட்ரீஷியன் சந்தோஷமாகவே செய்வார். அவசரப்படுத்துவது பல நேரம் நாமேதான்.

இன்வெர்ட்டர் பற்றி இன்னொன்று. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும் நேரத்தில் மெயினில் உள்ள ஆர்.சி.சி.பி.யின் காவல் அந்த வரிசைகளுக்கு இருக்காது. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனியாக ஒன்று பொருத்த முடியுமா என்று கேளுங்கள். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பிப் போர்டைத் திறக்கும்போதும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். அதையும் ஆஃப் பண்ணாமல் கை வைக்கக் கூடாது. கூரையில் சோலார் போட்டவர்கள், வெயில் இருக்கும்வரை பலகையிலிருந்து இறங்கும் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லையா, அது செத்துவிட்டது அல்லது யாரோ டைரக்ட் பண்ணிவிட்டார்கள். இந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு: ஒரு கையால் பேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடித்தால் போனதும் வந்ததும் சமமாக இருக்கும், அது விழாது. எனவே போர்டுக்குள் கை வைக்கும் தைரியத்தை இது யாருக்கும் தர வேண்டாம்.

எர்த் இல்லாத மூன்று முனை

கிரைண்டருக்கு மூன்று முனை பிளக் இருக்கும். மேலே தடித்த முனை எர்த். உள்ளே ஒயர் உரசிக் கரண்ட் வெளி உலோகத்துக்கு வந்தால் அதை மண்ணுக்குக் கடத்திவிடும் வழி அது. ஆனால் சுவரில் இரண்டு துளைதான் இருக்கிறது என்று அந்த முனையை ஒடித்துவிட்டு, அல்லது எர்த் தொடர்பில்லாத அடாப்டர் வழியாகச் செருகுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். சாக்கெட்டில் மூன்று துளை இருந்தாலும் பின்னால் பச்சை ஒயர் எங்கும் போகாமல் சுவருக்குள்ளேயே நின்றிருக்கும்.

இதைவிடக் கொடியது, எர்த் முனைக்கு நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை மாட்டிவிடுவது. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் எரியும், எர்த் இருப்பதுபோலவே காட்டும். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்த நொடியில் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியன் இப்படிச் செய்யப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வெளியே எர்த் குழி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பல வீடுகளில் போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் புதைந்துவிட்டது. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிக் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், ஒரு மூடி. கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் மெக்கர் என்ற கருவியால் மின்தடையை அளந்து சொல்லச் சொல்லலாம். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தான் சரியாக வேலை செய்கிறது என்பதால் எர்த் சரியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை.

கொடிக்கம்பி பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் ஒரு ஜி.ஐ. கம்பியில் தொங்கி வருகிறது. வெயிலிலும் மழையிலும் மேலுறை வெடித்து, காற்றில் உரசிக் கரண்ட் அந்தக் கம்பிக்கு இறங்குகிறது. அந்தக் கம்பி கட்டிய அதே இரும்புக் குழாயில் துணி காயப்போடும் கம்பியின் ஒரு முனையையும் கட்டியிருப்பார்கள். ஈரத்துணியோடு கம்பியைத் தொட்ட தாய், அவரைத் தூக்கப் போன கணவர், மகன் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளை மழைக்காலம்தோறும் படிக்கிறோம். மீட்டருக்கு முந்தைய பகுதியில் எந்த வீட்டு ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. இன்றே துணி காயப்போடும் இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் விஷயம்.

சாதனம் கூடும்போது

பத்து பதினைந்து வருடத்துக்கு முன் கட்டிய வீட்டில் நான்கு ஃபேன், ஆறு விளக்கு, ஒரு டி.வி. என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்திருப்பார்கள். இன்று அதே ஒயரில் ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்சார ஸ்கூட்டர் சார்ஜர். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர். சின்ன பிளக் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட். அயர்ன் பாக்ஸோடு அதன் எல்லை முடிகிறது. விளக்கு, ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டரில் மெயின் பெட்டியிலிருந்தே தனி லைன் என்பது பொதுவான நடைமுறை. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 போடுவது, ஒயரைக் காக்க வைத்த காவலனை அனுப்பிவிட்டுத் தீயை உள்ளே விடும் வேலை. ஒயரை மாற்றிவிட்டுத்தான் எம்.சி.பி.யை மாற்ற வேண்டும்.

மொத்தச் சுமை கூடினால் ஈபியில் விண்ணப்பித்துக் கூடுதல் பளு வாங்க வேண்டும்; தேவைப்பட்டால் சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸுக்கு மாற வேண்டும். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஒயர், சுவிட்ச், எம்.சி.பி. எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அது யாருக்கு வழங்கிய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். போலி ஒயரில் செம்பு மெல்லியதாக இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கடையில் நின்றுகொண்டே சரிபார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாரைக் கூப்பிடுவது

மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் போக, புதிய ஒயரிங், கூடுதல் இணைப்பு, மாற்றம், பழுது எல்லாவற்றையும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில், அனுமதிச் சான்று பெற்ற ஆளைக் கொண்டுதான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ. படிப்பு வேறு, வாரியம் தரும் கம்பியாளர் தகுதிச் சான்று வேறு. இரண்டும் இருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

தெருவில் எல்லோரும் கூப்பிடும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் திடீரென்று லைசென்ஸ் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். அவர் நல்ல கைக்காரராகவும் இருப்பார், இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். அவரை ஒதுக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கே புது ஒயரிங், மெயின் பெட்டி மாற்றம், ஏ.சி. லைன் போன்ற வேலைகளுக்கு, "அண்ணே, லைசென்ஸ் இருக்கிற கான்ட்ராக்டர் பேரில் செய்யலாமா, டெஸ்ட் ரிப்போர்ட் வேணும்" என்று கேளுங்கள். அனுபவம் உள்ள பலர் ஏதாவது ஒரு கான்ட்ராக்டரோடு சேர்ந்தே வேலை செய்கிறார்கள். சான்று இல்லாதவர்கள், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அனுபவமே அதற்கு முதல் தகுதி. நாம் கேட்கத் தொடங்கினால் அவர்களும் எழுதத் தொடங்குவார்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் என்னென்ன பொருள், என்ன அளவு ஒயர், எத்தனை பாயின்ட், பாயின்டுக்கு என்ன கூலி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பொருள் வாங்கியதற்குக் கடை பில், கூலிக்கு ரசீது, அதில் கையெழுத்தும் தேதியும். ஜி.பே.யில் கொடுத்தால் அதன் பதிவும் நாளைக்கு உதவும். சுவருக்குள் பைப் புதைத்துப் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அருமை தெரியும். பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை என்று நிறம் மாறாமல் இழுக்கச் சொல்லுங்கள். இருக்கிற ஒயரை வைத்து எந்த நிறத்தையும் எதற்கும் போட்டால், அடுத்து வரும் ஆளின் உயிருக்கு அது பொறி. வேலை முடிந்ததும் மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதனை, சுவிட்ச் பேஸில்தான் வெட்டுகிறதா என்ற சோதனை, டெஸ்ட் பொத்தான் சோதனை மூன்றையும் உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லி அதன்பிறகே கடைசிப் பணத்தைக் கொடுங்கள்.

வேலை செய்ய வருகிறவரின் உயிரும் நம் பொறுப்பு. "மெயினை ஆஃப் பண்ணாதீங்க, சீரியல் ஓடுது" என்று சொல்லும் வீட்டுக்காரர் அவரை மரணத்தின் பக்கத்தில் நிறுத்துகிறார். மெயினையும் இன்வெர்ட்டரையும் இறக்கிவிட்டு, யாரும் தூக்கிவிடாதபடி வீட்டு ஆள் ஒருவர் பெட்டியருகே நிற்க வேண்டும். கம்பத்தில் ஏறிப் பியூஸ் போடச் சொல்லி எந்தத் தனியார் எலக்ட்ரீஷியனையும் கேட்காதீர்கள், ஐம்பது நூறு கொடுத்தாலும். மீட்டரும் அதற்கு முந்தைய ஒயரும் மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் சொன்னால் அவர்களின் ஆள் வர வேண்டும்.

செய்தவர் சரியாகச் செய்யாமல் பொருள் கருகினாலோ தீப்பிடித்தாலோ, காசு வாங்கிக்கொண்டு செய்த சேவையின் குறைபாடு அது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கையில் ரசீது இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வாடகை வீட்டில்

குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் (2017) யாருக்கு எந்தப் பழுது என்று அட்டவணை போட்டே பிரித்திருக்கிறது. வீட்டின் உள், வெளி ஒயரிங்கும் அது சார்ந்த பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது, விளக்கு மாதிரியான பொருத்துகள் குடியிருப்பவர் பொறுப்பு. எர்த் இல்லை, சுவரில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது என்றால் அது உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை. வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லுங்கள், படமும் அனுப்புங்கள். தகராறு வந்தால் கரண்டை நிறுத்திவிடுவேன் என்று ஓனர் மிரட்ட முடியாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை அதே சட்டம் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரும். ஐந்தாண்டு வரை சிறை.

தவறு வெளியே இருந்தால்

தெருவில் நியூட்ரல் அறுந்து, பக்கத்து பேஸின் மின்சாரமும் சேர்ந்து வந்து, தெரு முழுக்க டி.வி.யும் ஃபிரிட்ஜும் புகைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. 'விதி' என்று விட்டுவிடுகிறார்கள். அன்றே பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் தனித்தனியே கொடுக்கட்டும். பழுதுபார்த்த பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அங்கே தீர்வு இல்லையென்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். மின்சாரச் சட்டம், 2003-இன் 42-ஆவது பிரிவு தரும் வழி இது. நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது.

சர்வீஸ் ஒயரின் மேலுறை வெடித்திருப்பது, கம்பி தாழ்ந்து தொங்குவது, கம்பம் துருப்பிடித்திருப்பது ஆகியவற்றைப் பார்த்தால் படத்தோடு புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். விபத்து நடந்துவிட்டால், "முன்பே சொன்னோம்" என்பதற்கு அதுவே சாட்சி.

உயிரிழப்பில் சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1997-இல் மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு தொழிலாளி, தெருத் தண்ணீரில் கிடந்த கம்பியால் இறந்தார். யாரோ திருட்டுக் கொக்கி போட்டதால் கம்பி விழுந்தது, எங்கள் தவறில்லை என்று மின்வாரியம் வாதிட்டது. ஷைல் குமாரி வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் 2002-இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இத்தனை ஆபத்தான ஒன்றை வழங்குகிறவர், அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

யாராவது ஷாக்கில் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். வெளியே உள்ள லைன் கம்பி என்றால் மின்னகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்கும்வரை அருகிலேயே போகக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைப் பார்த்தாக வேண்டும். உயிர் போய்விட்டால், துயரத்திலும் இரண்டு காரியம் தவறக் கூடாது: காவல் நிலையத்தில் வழக்குப் பதிவும், பிரேதப் பரிசோதனையும். மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி மின் ஆய்வாளர் விசாரித்துத் தரும் அறிக்கை இழப்பீட்டுக்கு முதுகெலும்பு. அவர் வந்து பார்க்கும் முன் ஒயரையோ சாதனத்தையோ யாரும் மாற்றிவிடாமல் படம் எடுத்து வையுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். டெஸ்ட் பொத்தான் உள்ள கருவி இருந்தால், கம்ப்யூட்டர் போன்றவற்றை அணைத்துவிட்டு, ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு கருவியே இல்லை என்றாலோ, இந்த வாரமே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் இன்றே ஓனருக்கு எழுதுங்கள்.